பதினேழாவது கம்பு

அக்டோபரில் கடல் கெட்டிப்பட்ட மறுநாள்
அதன் மேல் பூ பூத்திருந்தது.
வெள்ளைப் பூ. நாக்கில் வைத்தால் உப்பு.
ஊசாக்காக் தன் நாய்களை அதில் நடக்கவிடவில்லை,
பாதம் எரியும் என்றான்.
மூன்றாம் நாள் விழுந்தது முதல் பனி.
உப்பை உறிஞ்சிக்கொண்டு
அடியில் ஈரமாகவே கிடந்தது,
மைனஸ் இருபதிலும் காயாத துணி மாதிரி.

நாற்பது கம்புகள் நட்டோம்,
கரையிலிருந்து தீவின் மூக்கு வரை.
வாரம் இருமுறை அளந்து எழுதுவது என் வேலை.
சம்பளம் கோபன்ஹேகனிலிருந்து வருகிறது.
அண்ணனுக்கு அது சிரிப்பு.
"விழுவதை எண்ணக் காசு தருகிறார்கள் தூக்குமெக்,
வீசிப்போவதை எண்ண யார் தருவார்?"

அவன் சொல்வதும் சரிதான்.
விழுகிற பனி வேறு, கிடக்கிற பனி வேறு.
ஆறு முனையோடு இறங்குவது
காற்றில் உருண்டு முனையெல்லாம் தேய்ந்து
நொய்யாகித்தான் பாளத்தில் தங்குகிறது.
மூன்று நாள் வாடை
மூன்றாம் கம்பை மொட்டையாக்கியது: இரண்டு சென்டிமீட்டர்.
அள்ளியதையெல்லாம் பதினேழில் கொட்டியது: நாற்பத்தொன்று.
பாளங்கள் மோதி எழுந்த முதுகு ஒன்று அங்கே உண்டு.
காற்றுக்குப் பயந்து ஒதுங்குவது
மனிதர் மட்டுமில்லை.

ஜனவரி. சூரியன் இல்லை.
தலைவிளக்கோடு பதினேழில் குழி வெட்டினேன்.
மேலே காரை பூசியது போல ஒரு தட்டு,
மண்வெட்டி டங்கென்றது.
அதன் கீழே மாவு.
அடியில், பாளத்தை ஒட்டி, சீனி.
அள்ளினால் ஒட்டாமல் விரலிடுக்கில் ஓடியது.
ஒவ்வொரு மணியும் கிண்ணமாகக் குழிந்து
விளிம்பில் படிக்கட்டு வைத்திருந்தது.
கீழே கடலின் வெதுவெதுப்பு, மேலே மைனஸ் முப்பத்தைந்து.
இரண்டுக்கும் நடுவே ஆவி ஏறி ஏறிப்
பழைய மணியைத் தின்று புதிய மணியைக் கட்டியிருக்கிறது.
இத்தனை வீடுகள் இடிந்து எழுந்திருக்கின்றன.
நோட்டில் நான் எழுதியது
அதே நாற்பத்தொன்று.

பிறகு துளை போட்டேன்.
மூன்றாம் கம்பில் பாளம் ஒன்றேகால் மீட்டர்.
பதினேழில் அறுபத்திரண்டு சென்டிமீட்டர்.
நம்பாமல் இன்னொன்று போட்டேன். அறுபத்திரண்டு.
போர்த்திக்கொண்டவனைக் கேள்,
குளிர் தெரியவில்லை என்பான்.
குளிர் தெரியாத இடத்தில்
கடல் தடிக்க மறந்துவிடுகிறது.
துளை வழியே தண்ணீர் எழும்பிப்
பாளத்துக்கு மேல் நான்கு விரல் நின்றது.
பனியின் பாரம் தரையைக்
கடலுக்குள் அழுத்தி வைத்திருந்தது.

பிப்ரவரியில் ஊசாக்காக் சறுக்குவண்டியோடு அந்தப் பக்கம் வந்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
தன் காலடித் தடம் சாம்பல் நிறமாவதை
அவனே பார்த்தான்.
ஈட்டியால் ஒரு குத்து.
சத்தத்தைக் கேட்டான்.
வண்டியைத் திருப்பினான்.

மார்ச்சில் பாளம் எழுபத்தொன்பது!
கோபன்ஹேகன் கேட்டது: எண் தவறா?
இல்லை. பனியில் ஊறிய கடல் பனியோடு சேர்ந்து இறுகிவிட்டது.
கீழிருந்து வளராதது
மேலிருந்து வளர்ந்திருக்கிறது.
நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை,
ஓரத்தில் எழுதி அனுப்பினேன்.

ஏப்ரலில் கறுப்பு நாய் பதினேழில் நின்று
காதை நிமிர்த்தியது.
உள்ளே, அந்தச் சீனிக்கும் காரைக்கும் நடுவே
சீல் ஒன்று குட்டி போட்டிருந்தது.
மூச்சு பட்டு உட்கூரை கண்ணாடியாகியிருக்கும்.
ஊசாக்காக் வெகுநேரம் குந்தியிருந்தான்.
ஈட்டி மடியில் கிடந்தது.
"இதையும் அளப்பாயா?" என்றான்.
அளந்தேன், பத்தடி தள்ளி. நாற்பத்தாறு.
குறிப்பில்: ஆள் இருக்கிறது.

ஜூனில் எல்லாம் நீலக் குட்டையானது.
மூன்று முதலில் சாய்ந்தது, பதினேழு கடைசியில்.
இருபத்துமூன்றாம் தேதி போனேன்:
கம்பு இல்லை.

ஆகஸ்டில் கரை ஒதுங்கிய கம்பொன்றில்
அண்ணன் ஹாலிபட் காயப்போட்டிருந்தான்.
கோடுகள் அழியவில்லை.
பன்னிரண்டிலிருந்து அறுபது வரை
மீன்.